குழல்களின் குரலைக் காத்தல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

இசைக்கருவிகளின் அரசன் என்று மேலைநாட்டார் போற்றுவது பைப் ஆர்கன் என்னும் குழலிசைக் கருவியாகும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்னும் பொறியாளர், தண்ணீரின் எடையால் காற்றழுத்தத்தைச் சீராக வைத்துக் குழல்களை ஒலிக்கச் செய்தார். அவர் வழியில் வளர்ந்து ஐரோப்பியத் தேவாலயங்களில் மாளிகைபோல் உயர்ந்து நிற்பவையே இன்றைய ஆர்கன்கள். பாரிஸ் நகரின் நோத்ர்தாம் பேராலய ஆர்கனில் ஏறத்தாழ 8,000 குழல்கள் உள்ளன.

வீணையை உறையிலிட்டு எடுத்துச் செல்லலாம். ஆர்கனை எடுத்துச் செல்ல முடியாது. அது கட்டடத்தோடு கட்டடமாய் நிற்பது. அதன் ஒலியில் பாதி குழலின் ஒலி. மறுபாதி அந்த மண்டபத்தின் எதிரொலி. ஆகவே கட்டடம் எரிந்தால் கருவி மட்டும் போவதில்லை. அதன் குரலே உலகை விட்டுப் போய்விடுகிறது. அக்குரலை இலக்கமுறையில் பதிந்து, கணிப்பொறியின் துணையால் மீண்டும் வாசிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

இழந்தவை

ஜெர்மனியின் லூபெக் நகரில் மரியன்னை ஆலயத்தில் இருந்த புகழ்பெற்ற பழைய ஆர்கன் 1942-ஆம் ஆண்டு விமானத் தாக்குதலில் அழிந்தது. டிரெஸ்டனின் பிரவன்கிர்க்கே ஆலயத்திற்காகக் காட்பிரீட் சில்பர்மான் 1736-இல் அமைத்த ஆர்கன் 1945-இல் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. இவற்றின் குழல்கள் தனித்தனியே எவ்வாறு ஒலித்தன என்பதை இனி யாரும் கேட்க முடியாது.

போர்க்காலத்தோடு இந்த இழப்பு நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர்தாம் பேராலயம் தீப்பற்றியது. ஆர்கன் எரியாமல் தப்பியது. ஆனால் ஈயத்தூசு படிந்ததால் அதைப் பிரித்துத் தூய்மை செய்ய நேர்ந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் மக்கள் அதை மறுபடியும் கேட்டனர். பிரான்சின் நாந்த் நகரப் பேராலய ஆர்கனுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1621-இல் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சியையும் இரண்டாம் உலகப் போரையும் 1972-இல் மூண்ட தீயையும் கடந்து வந்த அக்கருவி, 2020 ஜூலை 18 அன்று ஒரே காலைப்பொழுதில் சாம்பலாயிற்று.

குழலின் நீளமும் சுருதியும்

ஆய்வகத்தில் நாம் செய்யும் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையே ஆர்கனின் அடிப்படை. இருபுறமும் திறந்த குழலின் அதிர்வெண், ஒலியின் திசைவேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும். ஆர்கன்காரர்கள் '8 அடி' என்று சொல்லும் குழலின் நீளம் 2.44 மீட்டர். ஒலியின் வேகத்தை 340 மீட்டர் என்று கொண்டால் அதிர்வெண் ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸ் வரும். முனைத்திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டால் உண்மையில் ஒலிக்கும் 65 ஹெர்ட்சை நெருங்கிவிடுகிறது. 32 அடிக் குழலோ 16 ஹெர்ட்சில் அதிர்கிறது. அதைக் காது கேட்பதைவிட உடம்பு உணர்கிறது எனலாம்.

ஒரே விதமான குழல்களின் வரிசையை ஒரு ஸ்டாப் என்பர். புல்லாங்குழல்போல் விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவை ஒருவகை. நாதசுரச் சீவாளிபோல் ஒரு நாக்கு துடித்து ஒலிப்பவை மற்றொரு வகை. ஆர்கனில் அந்த நாக்கு பித்தளைத் தகடு. வாசிப்பவர் ஸ்டாப்புகளை இழுத்தும் மூடியும் ஒலிகளைக் கலந்துகொள்கிறார்.

குழல்தோறும் ஒலிப்பதிவு

ஒரு பாட்டைப் பதிந்து வைத்தால் அந்தப் பாட்டு மட்டுமே எஞ்சும். கருவியையே காக்க வேண்டுமாயின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே பதிய வேண்டும். ஆலயத்தில் ஒலிவாங்கிகளை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் முதல் விசையிலிருந்து கடைசி விசைவரை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிகின்றனர். பிரான்சின் கான் நகரில் அரிஸ்தீத் கவையே-கோல் 1885-இல் அமைத்த ஆர்கனைச் செக் நாட்டுச் சோனஸ் பாரடிசி நிறுவனம் இம்முறையில் பதிந்துள்ளது. இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் ஹென்றி வில்லிஸ் 1877-இல் அமைத்த ஆர்கனும் இவ்வாறே பதியப்பட்டுள்ளது.

மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றி மீட்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது விதி. எனவேதான் குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள். ஆர்கன் பதிவில் 48,000 அல்லது 96,000 எடுப்பதுண்டு.

இப்பணியின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். 50 ஸ்டாப்புகள், ஒவ்வொன்றிலும் 56 குழல்கள் எனக் கொண்டால் மொத்தம் 2,800 குழல்கள். ஒவ்வொன்றையும் மும்முறை பதிந்தால் 8,400 பதிவுகள். ஒரு பதிவுக்கு 10 வினாடி, வினாடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 3 பைட், இரண்டு ஒலித்தடங்கள் எனப் பெருக்கினால் ஏறத்தாழ 4,838 கோடி பைட்டுகள்! ஆயத்த நேரத்தோடு பதிவுக்கு 20 வினாடி வைத்தால் 46 மணி நேரத்திற்கு மேலாகும். வண்டிச் சத்தமும் பறவைகளின் ஓசையும் அடங்கிய இரவில்தான் பதிய முடியும். இரவுக்கு 6 மணி நேரம் என்றால் 8 இரவுகள் கண்விழிக்க வேண்டும்.

அந்த இரவுகளில் வெப்பநிலையும் மாறக்கூடாது. காற்றில் ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. 15 டிகிரியில் 440 ஹெர்ட்சாக ஒலித்த குழல், 20 டிகிரியில் ஏறத்தாழ 444 ஹெர்ட்சாக ஒலிக்கும். இவ்விரு வெப்பநிலைகளிலும் பதிந்த இரு குழல்களைச் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு 4 விம்மல்கள் எழும். ஆகவே வெப்பநிலையைக் குறித்து வைத்துப் பின்னர்ச் சுருதியைத் திருத்துகின்றனர்.

தொடக்கம், நடு, முடிவு

பதிந்த ஒவ்வோர் ஒலியையும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றனர். முதலாவது தொடக்கம். காற்று குழலுக்குள் நுழைந்து நிலையான சுரம் பிறக்குமுன் 'சிப்' என்றொரு சிற்றோசை எழும். ஒவ்வொரு குழலையும் இன்னதென்று காட்டிக்கொடுப்பது இதுவே.

இரண்டாவது நிலையான பகுதி. வாசிப்பவர் விசையை எவ்வளவு நேரம் அழுத்துவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு துண்டைத் தேர்ந்து சுழற்சியாக ஒலிக்கச் செய்கின்றனர். துண்டின் முடிவில் உள்ள அலையும் தொடக்கத்தில் உள்ள அலையும் ஒரே கட்டத்தில் இணைய வேண்டும். இல்லையேல் 'டிக்' என்ற ஒலி கேட்கும்.

மூன்றாவது முடிவு. விரலை எடுத்தபின் மண்டபத்தில் ஒலி சில வினாடிகள் நின்று தேய்கிறது. குறுகிய சுரத்தின் எதிரொலி வேறு. நீண்ட சுரத்தின் எதிரொலி வேறு. குறுகிய சுரம் மண்டபத்தை நிரப்புமுன் நின்றுவிடுகிறதல்லவா? மேலே மும்முறை பதிவு என்றதற்குக் காரணம் இதுதான். குறுகியது, இடைநிலை, நீண்டது என மூன்று முடிவுகளையும் வைத்திருந்து, விரல் தங்கிய நேரத்திற்கேற்ற முடிவைக் கணிப்பொறி தேர்ந்தெடுக்கிறது.

நூறு குழல்களின் இரைச்சல்

ஆர்கனுக்குக் காற்றூட்டும் விசிறியின் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் சேர்ந்துவிடும். நேரில் அந்த இரைச்சலை நாம் ஒருமுறைதான் கேட்கிறோம். ஆனால் கணிப்பொறியில் 10 விசைகளை 10 ஸ்டாப்புகளோடு அழுத்தினால் 100 பதிவுகள் ஒன்றாக ஒலிக்கும். இரைச்சலின் திறனும் 100 மடங்காகும். அதாவது 20 டெசிபல் கூடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பதிவிலிருந்தும் இரைச்சலை நீக்கிவிட்டு, விசிறியின் ஓசையைத் தனியே பதிந்து ஒருமுறை மட்டும் சேர்க்கின்றனர். விசைகளின் தட்டொலியையும் ஸ்டாப்பை இழுக்கும் ஓசையையும்கூடத் தனியே பதிகின்றனர். அவையும் அக்கருவியின் அடையாளங்களே.

விசையைத் தொட்டதும்

வாசிப்பவர் முன் இருப்பது ஒரு மின் விசைப்பலகை. எந்த விசை அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தியை, 1983-இல் வெளிவந்த மிடி என்னும் பொதுமுறை கணிப்பொறிக்குச் சொல்கிறது. ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்கு போன்ற மென்பொருள்கள் உரிய பதிவை எடுத்து ஒலிக்கின்றன. வினாடிக்கு 48,000 மாதிரிகளில் 256 மாதிரிகள் அளவே காத்திருந்தால் தாமதம் 5.3 மில்லிவினாடி. அதற்குள் ஒலி காற்றில் 1.8 மீட்டர்தான் செல்லும். பெரிய ஆலயத்தில் குழலுக்கும் வாசிப்பவருக்கும் உள்ள தொலைவு பெரும்பாலும் இதைவிட அதிகம்!

நகலின் எல்லை

இவ்வளவு செய்தும் நகல் நகலே. பல குழல்கள் ஒருங்கே ஒலிக்கும்போது காற்றழுத்தம் சற்றுத் தாழ்ந்து சுருதியும் அசையும். தனித்தனியே பதிந்த ஒலிகளில் இந்த அசைவு இல்லை. அதைக் கணக்கீட்டால் ஊகித்தே சேர்க்க வேண்டியுள்ளது. மேலும், ஒலிவாங்கி நின்ற இடத்தின் ஒலியே நமக்குக் கிடைக்கிறது. பதிவு இருக்கிறதே என்று மூலக்கருவியைப் பேணாமல் விடுவது, நிழற்படம் இருக்கிறதே என்று பெற்றோரைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் இதன் பயன் பெரிது. ஆர்கன் எந்தத் தனிமனிதனும் எளிதில் வாங்கக்கூடிய கருவியன்று. ஆலயத்தின் சாவியும் பெரியவர்களின் இசைவும் இருந்தால்தான் மாணவன் அதைத் தொட முடியும். கிராண்ட்ஆர்கு மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. ஒரு பழைய கணிப்பொறியும் விசைப்பலகையும் இருந்தால், பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனும் இருக்கையில் அமர்ந்து பழகலாம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மில் பலருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. அறிவியல் ஒரு செல்வத்தைக் காப்பதோடு நின்றால் அது காவற்காரன். அச்செல்வத்தைப் பலர் கைக்கும் எட்டச்செய்தால் அது ஆசான்.

நாம் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாயை ஏற்றி இறக்கி ஒத்ததிர்வைத் தேடும் அதே விதிகள்தாம் அப்பெருங்கருவிகளையும் ஆள்கின்றன. நாந்த் ஆர்கன் நானூறு ஆண்டுகள் நின்றது. எரிவதற்கு ஒரு காலை போதுமாயிருந்தது. கேட்கக் கிடைக்கும் குரல்களை, அவை கேட்கும்போதே பதிந்து வைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.