முதுகு ஆபரேஷனா? ரெட்டைப் பின்னல் போடுங்க!

முதுகெலும்பு ஆபரேஷன் என்றதும், நீளக்கூந்தலை வெட்டணுமோ என்று கலங்காதீர்கள். முந்தின நாளே தலைக்குக் குளித்து, நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய், பூ வேண்டாம். கொண்டை கூடவே கூடாது. பிறகு மல்லாந்து படுக்கையில் பின்மண்டையை அழுத்தும். காதோரமாக இரண்டு தளர்ந்த பின்னல் போதும். ஹேர்பின் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடுவார்கள். உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தோல் பொசுங்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவஸ்தையே! குனிந்து தலை அலசுவது, முடியை முன்னால் தொங்கவிட்டுத் துவட்டுவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. தையலும் நனையக்கூடாது. தினமும் மகளோ மாமியாரோ நுனியிலிருந்து சிக்கெடுத்துப் பின்னிவிடட்டும். (மாமியார் கையால் தலை பின்னிக்கொள்ள இது ஒரு சான்ஸ்!) தலைக்குக் குளிப்பது எப்போது என்று டிஸ்சார்ஜ் அன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.