காத்திருக்கும் செவி



எங்கள் மருத்துவமனை வளாகத்திலுள்ள பாலர் பள்ளியில் ஒரு நாள் காலை ஜெபத்தின்போது, "பேழையைக் கட்டியது யார்?" என்று கேட்டேன். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கையைத் தூக்கினான். "நோ... நோ... நோ..." என்றவன் அதற்கு மேல் வராமல் கண்களை இறுக மூடிக்கொண்டான். "மெதுவாகச் சொல், தம்பி" என்றேன். பிறகு, "நோவா" என்று நானே முடித்தும் விட்டேன். அன்பாகச் செய்ததாகவே நினைத்தேன். அதன்பின் பல நாட்கள் அவன் கை உயரவே இல்லை.

பேச்சுப் பயிற்சி அளிக்கும் சகோதரி என் தவறை எனக்கு விளக்கினார். திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு வருகிறது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குச் சில ஆண்டுகளில் நீங்கிவிடுகிறது. பயமோ, பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணம் அல்ல. பல குடும்பங்களில் இது வழிவழியாக வருகிறது. நாவில் வசம்பு தேய்ப்பதால் பலன் இல்லை. கூழாங்கல்லை வாயில் வைத்துப் பேசச் சொல்வதோ ஆபத்து. அது தொண்டையில் அடைத்துவிடும்.

யாத்திராகமம் 4-ஆம் அதிகாரத்தில் மோசே, தனக்குப் பேச்சு சரளமாக வராது என்று கர்த்தரிடம் முறையிடுகிறார். கர்த்தர் அவருடைய நாவை முதலில் சீர்ப்படுத்தியதாக வேதம் சொல்லவில்லை. அவரை அழைத்தார், துணைக்கு அண்ணன் ஆரோனைக் கொடுத்தார். பேச்சு திருந்திய பிறகு வா என்று அவரைத் தள்ளி வைக்கவில்லை. நாமோ சிறு பிள்ளைகளை அப்படித் தள்ளி வைத்துவிடுகிறோம்.

பாலர் பள்ளியிலும் ஞாயிறு பள்ளியிலும் நாம் செய்யக்கூடியவை:

1. பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

2. "மெதுவாகப் பேசு", "மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லாதீர்கள். நீங்களே நிதானமாகப் பேசுங்கள்.

3. கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். எப்படிச் சொன்னான் என்பதை விட்டு, என்ன சொன்னான் என்பதற்குப் பதில் கொடுங்கள்.

4. வசனம் சொல்லும் முறையில் அவனைத் தாண்டிப் போகாதீர்கள். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை, அங்கே தொடங்குங்கள்.

5. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் உடனே நிறுத்துங்கள்.

திக்குதல் ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் வேறு எவருக்காவது இருந்தாலும், பிள்ளை பேசத் தயங்கினாலும், "தானாகச் சரியாகும்" என்று இருந்துவிடாமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக்குப் போகுமுன் தொடங்கும் பயிற்சி மிகுந்த பலன் தரும்.

சில மாதங்களுக்குப் பின் அந்தச் சிறுவன் மறுபடியும் கையைத் தூக்கினான். இம்முறை வாயைத் திறவாமல் காத்திருந்தேன். "தா... தா... தாவீது, ஐயா" என்றான். இன்னும் திக்குகிறான். ஆனாலும் பேசுகிறான்.

அவனைப் பயிற்சிக்கு அழைத்துவரும் தாயின் பேருந்துச் செலவை உங்கள் காணிக்கை தாங்குகிறது. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். இந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியைகளையும் உங்கள் ஜெபத்தில் நினைத்தருளுங்கள். உங்கள் சபையிலும் இப்படிப்பட்ட பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். வருகிற ஞாயிறு அதற்காகச் சற்றுக் காத்திருங்கள்.

ஆண்டவரின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்