மைட்டர் சா வாங்கியாச்சா அம்மிணி?

மைட்டர் சா வந்து எறங்கிருச்சு, ஆனா இன்னும் பெட்டியைப் பிரிக்கலைன்னு சொன்னே பாரு, நல்ல காரியம் அம்மிணி. பிளக்கைச் சொருகறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய சோலி நெறைய இருக்குது. போட்டோ ஃப்ரேமும் சாமி அலமாரியும் செஞ்சு விக்கணும்ங்கிற உன் ஆசைக்கு ஏத்த மெஷின்தான் இது. நான் சொல்லப் போறது எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒண்ணுதான்: கட்டை அசையக் கூடாது. கட்டை அசையலைன்னா கோணம் தப்பாது, விரல் தப்பிச்சுக்கும். வேலைச் சுத்தம் தனி, பாதுகாப்பு தனின்னு பிரிச்சுப் பாக்காதே.

மொதல்ல உன் மெஷின் எதுன்னு தெரிஞ்சுக்கோ. குறிச்சி சிட்கோ, சுந்தராபுரம் பக்கத்துப் பட்டறைகள்ல போய் கட்டிங் மெஷின்னு கேட்டா, 14 இஞ்ச் கல்லு வீல் போட்டு இரும்பு அறுக்கிற மெஷினைத்தான் காட்டுவாங்க. உன்னோடது 10 இஞ்ச், பல்லு வெச்ச பிளேடு. அதுல மரம் வெட்டலாம், அதுக்குன்னு இருக்கிற பிளேடைப் போட்டா அலுமினியம் வெட்டலாம். இரும்புக் கம்பி ஒண்ணே ஒண்ணுதானேன்னு வெச்சுராதே. கல்லு வீலையும் இதுல மாட்டாதே. இதோட கார்டு கல்லு ஒடைஞ்சு சிதறுனா தாங்கறதுக்குச் செஞ்சதில்ல. பொறி பறந்து பின்னாடி இருக்கிற மரத்தூள் பையில விழுந்தா தீப்பிடிக்கவும் செய்யும்.

பிளேடு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதே. சும்மா அளவுக்கு அறுக்க 40 பல்லு போதும். ஃப்ரேம் மூலை பிசிறில்லாம வரணும்னா 60-லிருந்து 80 பல்லு வேணும். அலுமினிய செக்‌ஷனுக்கு 100, 120 பல்லு, அதுவும் பல்லு பின்பக்கமா சாஞ்சது. கையில புடிச்சு ஓட்டற சர்க்குலர் சாவுக்கு வர்ற 24 பல்லு பிளேடு மலிவா கெடைக்கும். அது பலகையை நீளவாக்குல கிழிக்கிறதுக்கு ஆனது, பல்லு முன்னாடி சாஞ்சு மரத்தைக் கவ்வி இழுக்கும். அது வேண்டாம். வாங்கறப்ப நடு ஓட்டை உன் மெஷினுக்குச் சேருதான்னு பாரு. பிளேடு மேல போட்டிருக்கிற அதிகபட்ச வேகம் மெஷினோட வேகத்தை விடக் கூடவே இருக்கணும். இந்த மெஷினுங்க நிமிஷத்துக்கு 4,500-லிருந்து 5,000 சுத்து சுத்தும். 10 இஞ்ச் பிளேடுல 4,800 சுத்துன்னு கணக்குப் போட்டா, பல்லு நுனி மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது. அந்த வேகத்துல எது நடந்தாலும் கையை இழுத்துக்க நேரமிருக்காது. கையை எங்க வெக்கறதுங்கிறதை சுவிட்ச் போடறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிறணும்.

இனி எடம். நம்ம மதுக்கரை பாலக்காட்டுக் கணவாய் வாசல்ல இருக்குது. ஆனி, ஆடியில மேக்கால இருந்து அடிக்கிற காத்து உனக்கே தெரியும். தூள் மெஷினுக்குப் பின்னாடி பீச்சும். அதனால அந்த மாசங்கள்ல மெஷினோட பின்பக்கம் கெழக்கே பாத்து இருக்கட்டும். காத்து உன் முதுகுல படும், தூள் அக்கட்ட போயிரும். ஐப்பசி, கார்த்திகையில காத்து திரும்பறப்ப மேஜையையும் திருப்பிப் போடு. வாசல்ல கூரை போட்ட எடம் நல்லதுதான், ஆனா சாரல் மட்டும் படக் கூடாது.

மேஜை ஆடக் கூடாது. மெஷினோட அடியில நாலு ஓட்டை இருக்கும், நாலுக்கும் போல்ட் போட்டு முடுக்கு. ரெண்டு பக்கமும் மெஷின் தளத்தோட ஒசரத்துக்குச் சரியா ரெண்டு தாங்கு பெஞ்ச் செஞ்சுக்கோ. ஆறடி ரீப்பரை ஒரு பக்கம் தொங்க விட்டு வெட்டுனா, அறுந்து முடியற நேரத்துல பாரம் எறங்கி வெட்டு வாய் இறுகும், பிளேடு சிக்கும். ஆராவது அந்த முனையைப் புடிச்சுக்கட்டும்னு கூப்புடாதே. புடிக்கிறவங்க கை அசைஞ்சா கட்டையும் அசையும்.

கரண்டுக்கு 16 ஆம்பியர் பாயிண்ட். 1,650 வாட் மெஷின் 230 வோல்ட்டுல ஏழு ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஸ்டார்ட் ஆகறப்ப அதை விடக் கூட. மிக்ஸி ஓட்டற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது. ஒயர் இழுத்தே ஆகணும்னா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல, எர்த்தோட இழு. வீட்டு போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்குதான்னு எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லு. சுவிட்சைப் புடிச்சுக்கிட்டே இருக்கக் கை வலிக்குதுன்னு டேப் சுத்தி வெக்கறவங்களும் இருக்காங்க. அப்படி வெச்சா, கரண்டு போயிட்டுத் திரும்பி வர்றப்ப மெஷின் தானா ஓடும், நீ அப்ப கட்டையை எடுத்துட்டு இருப்பே.

கோணம் பாக்கறது

பிளக்கைக் கழட்டிட்டுத்தான் இதைச் செய்யணும். பிளேடு மாத்தறப்பவும் அப்படித்தான். பெட்டியில இருந்து வர்றப்பவே மெஷின் சரியா இருக்கும்னு நம்பாதே, வண்டியில குலுங்கி வந்திருக்குது. மூலை மட்டத்தை ஃபென்ஸ்லயும் (கட்டை சாஞ்சு நிக்கிற பின் தடுப்பு) பிளேடோட ஒடம்புலயும் ஒட்டி வெச்சுப் பாரு. மட்டம் பல்லு மேல ஏறுனா அளவு தப்பாக் காட்டும். அப்புறம் பிளக்கைப் போட்டு, அகலமான பலகை ஒண்ணை நேரா வெட்டு. ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, வெட்டுன முனை ரெண்டையும் சேத்து வை. ரெண்டோட நீளப் பக்கமும் நேரான கட்டையை ஒட்டி இருக்கணும். நடுவுல சந்து தெரிஞ்சா, மெஷின்ல இருக்கிற தப்பு அந்தச் சந்துல பாதி. திருகை எளக்கி, சரி பண்ணி, மறுபடி வெட்டிப் பாரு. சந்து இல்லாத வரைக்கும் இதே சோலிதான்.

இதுல ஏன் இவ்வளவு புடிவாதம்னா, ஒரு ஃப்ரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொண்ணும் அரை டிகிரி தப்புனா மொத்தம் நாலு டிகிரி. மூணு மூலை கச்சிதமா ஒட்டும், நாலாவது வாயைப் பொளந்துட்டு நிக்கும். கோணம் சரியா இருந்தும் சந்து வருதுன்னா நீளம்தான் காரணம். எதிரெதிர்ச் சட்டம் ரெண்டும் இம்மி பிசகாம ஒரே நீளம் இருக்கணும். டேப் வெச்சு ரெண்டு தடவை குறிச்சா அது வராது. ஃபென்ஸ்ல ஒரு தடுப்புக் கட்டையை முடுக்கி வெச்சு, அதுல முட்டி வெட்டு. தடுப்பு ஒரு பக்கம் மட்டும் போதும். அறுந்து விழற துண்டுக்கு அக்கட்ட பக்கம் எடம் காலியா இருக்கணும். ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்தா துண்டு பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவுல மாட்டித் தெறிக்கும்.

மெஷின் தட்டுல 31.6-னு ஒரு காடி இருக்கும். அது அமெரிக்கா வீடுகள்ல சுவரும் கூரையும் சேர்ற எடத்துல ஓட்டற அலங்காரச் சட்டத்துக்கு ஆனது. உனக்கு 45-ம் 22.5-ம் போதும், 22.5 எட்டு மூலை ஃப்ரேமுக்கு.

வெட்டறப்ப

துப்பட்டாவைக் கழட்டி வீட்டுக்குள்ள போட்டுட்டு வா. வளையல், மோதிரம், தொங்கற ஜடை எதுவும் ஆகாது. கையுறை போட்டா பத்திரம்னு தோணும். சுத்தற மெஷின்ல அதுதான் ஆபத்து, நூல் ஒண்ணு பல்லுல மாட்டுனா கையோட இழுக்கும். லேத்துப் பட்டறைக்காரங்க ஆரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க.

பிளேடுல இருந்து ஆறு இஞ்ச் தூரத்துக்குள்ள கை வரவே கூடாது. அப்படி வந்தாத்தான் புடிக்க முடியும்னா, அந்தக் கட்டை கையில புடிக்கிற அளவுல இல்லைன்னு அர்த்தம், கிளாம்ப் போடு. ரெண்டு இஞ்ச் துண்டு வேணுமா, நீளக் கட்டையில இருந்து வெட்டி எடு. கையளவு துண்டை இன்னும் சின்னதாக்கணும்னா கைரம்பத்துலயே அறுத்துக்கோ. கையைக் குறுக்கே போட்டு அந்தப் பக்கக் கட்டையைப் புடிக்காதே. கட்டை கூனியிருந்தா கூன் பக்கத்தை ஃபென்ஸோட ஒட்டி வை, வெட்டற எடத்துல ஃபென்ஸுக்கும் கட்டைக்கும் நடுவுல வெளிச்சமே தெரியக் கூடாது.

சுவிட்சைப் போட்டதும் எறக்கிறாதே. முழு வேகம் வரட்டும், அப்புறம் மெதுவா எறக்கு, பிளேடு தானே தின்னுட்டுப் போகும். அறுந்ததும் கை தானா மேல தூக்கப் பாக்கும். தூக்காதே. சுவிட்சை விட்டுட்டு, பிளேடு நிக்கிற வரைக்கும் கீழயே வெச்சிரு, நின்ன பின்னாடி தூக்கு. பாதி விபத்து இந்தச் சித்தெ நேரம் பொறுக்காததாலதான்னு எனக்குத் தோணும். ஓடற பிளேடு மேல ஏறறப்ப அறுந்த துண்டைக் கவ்வி எறியும், அதை எடுக்க இன்னொரு கை ஏற்கெனவே கெளம்பியிருக்கும். முன்னும் பின்னும் நகர்ற மாடலா இருந்தா, தலையை உன் பக்கம் இழுத்துக்கிட்டு, சுவிட்ச் போட்டு, எறக்கி, பின்னாடி தள்ளி வெட்டணும். உன் பக்கம் இழுத்துக்கிட்டே வெட்டுனா பிளேடு கட்டை மேல ஏறி உன்னைப் பாத்து வரும்.

ஓட்டு வீடு இடிக்கிற எடத்துல பழைய மரம் சல்லிசாக் கெடைக்கும், நல்லாக் காஞ்சும் இருக்கும். ஆனா உள்ள ஆணி இருக்கும். பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தைக் கழட்டி நாலு பக்கமும் ஓட்டிப் பாரு, ஒட்டுற எடத்தை விட்டுரு. பனை வாரையை இந்த மெஷினுக்குக் கொண்டே வராதே.

1930-கள்ல சிமென்ட் ஆலை வந்ததுல இருந்து தூசி இந்த ஊருக்குப் புதுசில்ல. அந்த அசட்டை மரத்தூள்ல வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள் பட்டியல்ல சேத்திருச்சு. துணி கட்டுனாப் பத்தாது, என்95 மாஸ்க் போடு. நம்பர் கண்ணாடி பக்கவாட்டுல தெறிக்கிறதைத் தடுக்காது, அதுக்கு மேலயே மாட்டற கண்ணாடி கடையில கெடைக்குது. 100 டெசிபல் சத்தத்தைக் காது ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் தாங்கும்ங்கிறது அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு. இந்த மெஷின் அந்த அளவை எட்டிரும், அதனால காதுக்கும் அடைப்பான் வேணும்.

சொல்லக் கூடாதுதான், ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோ. விரல் துண்டாயிருச்சுன்னா, சுத்தமான துணியால காயத்தை அழுத்திக் கையை ஒசத்திப் புடி. விரலை ஈரத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை இறுக்கு, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வெக்கணும். ஐஸ் நேரா விரல்ல பட்டா திசு கெட்டுரும். விரல்ல தசை இல்லைங்கிறதால குளுமையில கை, காலை விட அதிக நேரம் தாங்கும், அதுக்காகத் தாமதிக்காதே. காப்பித்தண்ணி கூடக் குடிக்காதே, ஆபரேஷன் இருக்கலாம். மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கிற கங்கா மருத்துவமனையில டாக்டர் எஸ். ராஜா சபாபதி கட்டுன கை அறுவை சிகிச்சைப் பிரிவு உலகமே அறிஞ்சது. ஆத்துப்பாலம், உக்கடம் மேம்பாலம் வழியா நேராப் போயிறலாம். 108-ஐயும் அந்த ஆஸ்பத்திரி நம்பரையும் மெஷின் மேஜைக்கு மேல செவுத்துல எழுதி ஒட்டு.

ஒரு வாரம் வேண்டாத ரீப்பர்லயே வெட்டிப் பழகு. நாலு மூலையும் சேர்ற ஃப்ரேம் ஒண்ணு வந்ததும் சொல்லு, தேக்கு வாங்க நானும் வர்றேன்; உன்னைத் தனியா விட்டா வெலை கேக்காம வாங்கிட்டு வந்துருவே.