விற்பவர் தாங்கும் சுமை

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பேராக் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களை நம்பியே நம் முன்னோர் பலர் இங்கு வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்தனர். இன்று அவற்றுள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி ஈப்போவுக்குச் செல்கின்றனர்.

அங்கே எளிதில் கிடைக்கும் வேலைகளுள் ஒன்று விற்பனை வேலை. நீர் வடிகட்டி, சமையல் பாத்திரம், சத்து மாத்திரை, காப்புறுதி என விற்கும் பொருள்கள் பல. உயர்ந்த சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. வருமானத்திற்கு மேல் எல்லை இல்லை என்று சொல்லி ஆள் சேர்க்கின்றனர். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், கமிஷனை மட்டும் நம்பிய வேலையில் வருமானத்திற்குக் கீழ் எல்லையும் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

விற்பனை இழிவான தொழிலன்று. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்து விற்று வாழ்ந்த குடும்பங்களை நாம் அறிவோம். வாங்க விரும்பியவர் வாங்கினார். விற்றவர் அன்றைய காசுடன் வீடு திரும்பினார். இக்கட்டுரை அத்தகைய வணிகத்தைப் பற்றியதன்று. வேண்டாம் என்பவரையும் வாங்கவைத்தே தீரவேண்டும் என்னும் நெருக்கடியில் நடைபெறும் விற்பனையைப் பற்றியது.

பெரட்டும் விற்பனைக் கூட்டமும்

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடப்பதுபோல, இவ்வேலையிலும் காலையில் கூட்டம் நடைபெறுவதுண்டு. நேற்று அதிகம் விற்றவருக்குக் கைதட்டல் கிடைக்கும்; விற்காதவரின் பெயர் பலகையின் அடியில் நிற்கும். மாதத்திற்கு இவ்வளவு விற்கவேண்டும் என்ற இலக்கு உண்டு. அதனை எட்டிய மறுநாளே கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும்.

பால் வெட்டும் தொழிலாளியும் பாலின் எடையைக் கருதியே உழைக்கிறார். எனினும், மழை பெய்து வெட்டு நின்றால் அது அவருடைய குற்றம் என்று எவரும் கூறார். மேலும், 1954-இல் தோன்றிய தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிகளுடன் பேசி, கூலியைக் கூட்டு ஒப்பந்தத்தால் உறுதி செய்தது. விற்பனையாளர் பெரும்பாலும் தனியர். மக்கள் கையில் பணமில்லாத மாதத்திலும், 'உனக்கு முயற்சி போதாது' என்றே அவருக்குச் சொல்லப்படுகிறது. நாளடைவில் அவரும் அதனை நம்பிவிடுகிறார். இத்தொழில் தரும் முதற்காயம் இதுவே. சம்பள முறையில் உள்ள குறையைத் தம் குணத்தில் உள்ள குறையாக எண்ணி அவர் மனம் குன்றுகிறார்.

சிரிப்பும் ஓர் உழைப்பே

மனத்தில் கவலை இருக்க, முகத்தில் மலர்ச்சி காட்டுவது எளிதன்று. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹோக்ஷில்ட், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். உணர்ச்சியை அடக்குவதும் வரவழைப்பதும்கூட உழைப்பே என்றும், அதற்கும் களைப்பு உண்டு என்றும் அவர் விளக்கினார். நாள் முழுதும் சிரித்துப் பேசிய பிள்ளை, வீடு வந்ததும் யாரிடமும் பேசாமல் முடங்கிக் கிடந்தால், அதனைத் திமிர் என்று எண்ணிவிடக்கூடாது.

உடலும் பாதிப்படைகிறது. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு அதிகம் என உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் அறிவித்தன. இதய நோயால் இறக்கும் அபாயமும் 17 விழுக்காடு அதிகம். பகலில் வீடு வீடாகச் சென்று, இரவில் தொலைபேசியில் ஆள் தேடுபவர் இம்மணிக்கணக்கை அறியாமலேயே தாண்டிவிடுவார்.

உறவைச் செலவழித்தல்

புதிதாகச் சேர்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, பெரும்பாலும், உறவினர் நண்பர்களின் பெயர்ப் பட்டியலே. இம்முறை நமக்குப் புதிதன்று. அக்காலத்தில் கங்காணிமார் தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரை மலாயாவுக்கு அழைத்து வந்தனர். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குப் பணம் கிடைத்தது. அறிமுகமில்லாதவர் அழைத்தால் வரத் தயங்குவோரும், மாமன் அழைத்தால் நம்பி வருவர் என்பதே அம்முறையின் அடிப்படை. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் ஏற்றுமதியைத் தடை செய்த பின்னர் அது முடிவுற்றது.

இன்றைய பல அடுக்கு விற்பனையும் அதே நம்பிக்கையின்மீது நடைபெறுகிறது. அத்தை மனம் நோகக்கூடாதென்று ஒரு பொருளை வாங்குவார். அடுத்த முறை கதவைத் திறக்கத் தயங்குவார். திருமண வீட்டில் உறவினர் விலகி அமர்வர். விற்ற பொருளின் கமிஷன் ஒரு மாதத்தில் செலவாகிவிடும்; இழந்த உறவைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

ஒரு கணக்கு

உதாரணமாக, ஒருவர் மாதம் 1,800 ரிங்கிட் கமிஷன் பெறுகிறார் என்று கொள்வோம். பெட்ரோலுக்கு 350, தொலைபேசிக்கு 80, இலக்கை எட்டுவதற்காகத் தாமே வாங்கி வீட்டில் அடுக்கிய சரக்குக்கு 400 ரிங்கிட் எனக் கழித்தால், மிஞ்சுவது 970 ரிங்கிட். நாளொன்றுக்கு 10 மணி நேரம், 26 நாள் உழைத்தால் 260 மணி நேரம். ஆக, மணிக்கு 4 ரிங்கிட்கூட இல்லை. 2025-ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். கைக்கு வந்ததைக் கணக்கிடாமல், கையில் நின்றதைக் கணக்கிட வேண்டும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் நேரடி விற்பனைச் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டு, ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட பிரமிட் திட்டங்களைக் குற்றமாக்கியது. நேரடி விற்பனை நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வீடு தேடி வந்து விற்கும் 300 ரிங்கிட்டுக்குக் குறையாத ஒப்பந்தத்தை, 10 வேலை நாள்களுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம். வாங்குபவருக்கு மட்டுமன்று, விற்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2023-இல் திருத்தம் பெற்றது. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 'நீ ஊழியன் அல்லன், சொந்தத் தொழில் செய்பவன்' என்று சொல்லிவிட்டு, நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் நிறுவனமே கட்டுப்படுத்துமானால், மறுப்புக்குச் சான்று இல்லாத நிலையில், அவரை ஊழியராகக் கருதவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஐயமுள்ளவர்கள் தொழிலாளர் இலாகாவில் விளக்கம் பெறலாம். கடன் பெருகிவிட்டால், 2006-இல் அமைக்கப்பட்ட ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவச ஆலோசனை வழங்குகிறது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளை இத்தகைய வேலைக்குப் போகும்போது பெற்றோர் சில கேள்விகள் கேட்பது நலம். அடிப்படைச் சம்பளம் உண்டா? ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் சந்தா செலுத்தப்படுகிறதா? சேருவதற்கு முன்பணமோ சரக்கோ வாங்கவேண்டுமா? பொருளை விற்றால் பணமா, ஆளைச் சேர்த்தால் பணமா? வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு உண்டா?

தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், உணவில் வெறுப்பு, தொலைபேசி ஒலித்தாலே நடுக்கம் ஆகியவை நீடித்தால், அரசாங்கச் சுகாதார நிலையத்தை நாடலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் தொலைபேசிச் சேவையிலும் மனம் விட்டுப் பேசலாம். 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அக்கேலிக்கு அஞ்சி உதவி நாடாமல் துன்புறுவோர் பலர். அப்பேச்சை நாம் கைவிட வேண்டும்.

பால் வெட்டுபவருக்கு ஓர் உண்மை தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி ஆழச் சென்றால் மரத்தில் வடு விழும். அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரத்தின் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். அதனாலேயே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை ஏற்பட்டது. பால் நின்ற மரத்தைச் சோம்பேறி மரம் என்று எவரும் ஏசுவதில்லை. அதற்கு ஓய்வு கொடுக்கின்றனர். வேலையை விட்டு வீடு திரும்பும் பிள்ளையிடம் 'தோற்று வந்தாயா?' என்று கேட்காமல், சோறிட்டு, உறங்கவைத்து, அடுத்த வேலையைப் பற்றிப் பிறகு பேசுவதே பெற்றோர் கடமை.