மான்கொம்பில் ஒரு முயல்

எந்த விலங்கு என்று முடிவு செய்துகொண்டு மான்கொம்பைத் தேடாதீர்கள். கொம்பு கைக்கு வரட்டும். அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். எதைச் செதுக்கலாம் என்பது அங்கேதான் தெரியும்.

மாட்டுக்கொம்பும் ஆட்டுக்கொம்பும் நகத்தின் இனம். மான்கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் முளைத்து, முற்றி, உதிர்வது. வெளிச்சுற்றில் கெட்டியான சுவர், நடுவில் துளைதுளையான பஞ்செலும்பு. செதுக்க ஒத்துவருவது அந்தச் சுவர்தான். கிளைகளின் நுனி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். தலையோடு ஒட்டியிருந்த அடிவளையமும் அப்படித்தான். நடுத்தண்டின் பருமனைப் பார்த்து மயங்கி வாங்கினால், அறுத்த பிறகு உள்ளே பஞ்சுதான் அதிகம் இருக்கும்.

பிரான்சின் லா மாதலேன் பாறைக்குகையில் கிடைத்த காட்டெருமை இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் துருவ மானின் கொம்பில் செதுக்கியது. தலை முன்னே நீளவில்லை. பின்னால் திரும்பித் தன் விலாவை நக்குகிறது. மொத்த உருவமும் கொம்பின் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஜப்பானில் 19ஆம் நூற்றாண்டில் டோக்கியோவின் அசகுசாவில் இருந்த ஒசாகி கோகுசாய், புகையிலைப் பை இடுப்புக் கச்சையிலிருந்து நழுவாமல் தடுக்கும் நெட்சுகே உருவங்களை மான்கொம்பில் செய்தார். கொம்பின் இயல்பான வளைவை அவர் அழிக்கவில்லை, வடிவத்துக்குள் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே முதல் வேலைக்கு நான் சொல்வது படுத்திருக்கும் முயல். நான்கு சென்டிமீட்டர் நீளம் போதும். கால்கள் வயிற்றடியில் மடங்கியிருக்கும், காதுகள் முதுகோடு படிந்திருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லையென்றால் உடையவும் ஒன்றுமில்லை. நிற்கும் மான், கொக்கு எல்லாம் பிறகு பார்க்கலாம்.

கொம்பு எங்கே கிடைக்கும்? ஸ்காட்லாந்து மலைகளில் செம்மான் கிடாக்கள் வசந்த காலத்தில் கொம்பு உதிர்க்கின்றன. பிரிட்டனில் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் நாய் கடிப்பதற்கென்றே கொம்புத் துண்டுகள் விற்கிறார்கள். செதுக்குபவருக்கு அதுவே மலிவான வழி. நடுவே பிளந்து விற்பது வேண்டாம். வெயிலில் கிடந்து வெளுத்து வெடித்ததும் வேண்டாம். பழுப்பு மேல்தோலோடு, அதன் அளவைப் பார்த்து நினைத்ததைவிடக் கனக்கும் துண்டாகப் பொறுக்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் மான்கொம்பைத் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தானாக உதிர்ந்து காட்டில் கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது, வாங்கவோ விற்கவோ கூடாது. மாற்றாக எருமை எலும்பு இருக்கிறது. லக்னோ கைவினைஞர்கள் அதில்தான் நுணுக்க வேலை செய்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கிவிட்டால், கீழே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

நுனியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஹாக்ஸாவால் அறுத்துக்கொள்ளுங்கள். கூர்முனையை நறுக்கிவிடுங்கள். மெலிந்த பக்கம் முயலின் மூக்கு, பருத்த பக்கம் பின்தொடை. அதற்குப் பின்னால் மிஞ்சும் துண்டுதான் உங்கள் பிடி. வைஸில் மாட்டுவது அதைத்தான். முயல் முடிந்த பிறகே அதை அறுக்க வேண்டும். முன்பே அறுத்துவிட்டால் நான்கு சென்டிமீட்டர் எலும்பை விரலில் பிடித்துக்கொண்டு கத்தியோடு போராட வேண்டியிருக்கும்.

துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் மேல்பகுதி சற்று இளகும். பக்கவாட்டுத் தோற்றத்தைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோடு வரை அரத்தால் இறக்குங்கள். அடுத்து மேலிருந்து பார்க்கும் தோற்றம். இரண்டும் முடிந்த பிறகுதான் முனைகளை உருட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். காதுகளைத் தனியாகச் செதுக்க முயலாதீர்கள். அவற்றைச் சுற்றியுள்ள முதுகைத் தாழ்த்தினால் காதுகள் தானே எழும். சின்னச் சுழல் கருவி இருந்தால் வேலை விரையும். முடி கருகும் வாசனை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் கட்டாயம். முடிந்தவரை ஈரத்திலேயே தேயுங்கள்.

இடையில் பஞ்செலும்பு தலைகாட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூவைச் சொட்டுங்கள். இறுகியதும் மேலே தொடரலாம். கண் கடைசியில். இரண்டு புள்ளிகளையும் மேலிருந்தும் முன்னிருந்தும் சரிபார்த்து, ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் முனையால் லேசாகக் குழித்துக் கறுப்பு மை வையுங்கள்.

முதுகில் பழுப்புத் தோலைக் கொஞ்சம் விட்டுவைப்பது என் விருப்பம். அதிலுள்ள வரிகள், வளரும் கொம்புக்கு ஊட்டமளித்த ரத்தக் குழாய்களின் தடம். முயலின் ரோமத்துக்கு அதைவிட நல்ல வேலைப்பாடு நமக்கு வராது. மற்ற இடங்களை ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால் 180, 320 என்று தேய்த்து வாருங்கள்.

320 முடிந்ததும் நிறுத்துங்கள். கேமராவை இப்போதே எடுக்க வேண்டும். விளக்கொளி பக்கவாட்டிலிருந்து கிடைமட்டமாக விழும்படி வைத்து, எல்லாப் பக்கமும் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய அரத்தின் கீறல்களும், ஒரு கன்னம் மற்றதைவிடப் பருத்திருப்பதும் அங்கே தெரியும். திருத்திவிட்டு 600, 1000 போகலாம். ஈரத்துணியில் சுண்ணக்கட்டித் தூள் தொட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு வரும். வெள்ளை கூசினால் கடும் டீத்தண்ணீரில் சிறிது நேரம் போட்டெடுங்கள்.

காட்சிக்கான படத்துக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்; நேர்வெயில் விழாத ஜன்னலாக இருக்கட்டும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். பின்னணிக்கு வெள்ளைத் தாள் வேண்டாம், சாம்பல் அல்லது கரும்பழுப்பு வையுங்கள். ஆனால் இருண்ட பின்னணியைக் கண்டால் கேமரா படத்தைத் தானாக வெளுப்பாக்கும். முயலின் நெற்றி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். போனில் முயலைத் தொட்டுக் குவியம் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நிழல் பக்கம் இருண்டால் அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள்.

மிக நெருங்கிப் போனால் மூக்கு பெருத்து உடல் சிறுத்துவிடும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைப்பது நல்லது. பெரிய கேமரா என்றால் எஃப்/11, முக்காலி, இரண்டு வினாடி டைமர். குவியம் முன்கண்ணில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் பொம்மை. முயலின் கண் மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தினால்தான் விலங்கு. அளவு புரிய ஒரு படத்தில் மட்டும் நாணயம் வையுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் அடிப்பக்கத்தையும் எடுங்கள். அங்கே பஞ்செலும்பின் துளைதுளையான திட்டு இருந்தால் அது தெரியும்படி விடுங்கள். அச்சில் பிசின் வார்த்த பொம்மை அல்ல என்று வாங்குபவர் சரிபார்க்க முதலில் தேடுவது அதைத்தான்.