ஏவிய ஆவி சும்மா இருந்தால் திருப்பி அடிக்குமா?

ஆடி பிறந்தால் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் வேப்பிலையும் உடுக்கையும் சாமியாட்டமும்தான். அந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை ராசிபுரம் பக்கத்து விடுதியில் பகடையை உருட்டி, "ஒரு ஆவியைக் கூப்பிடுறேன்" என்றால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974 முதல் இருக்கிறது.

கூப்பிட்டால் நிஜமாகவே வந்துவிடும் என்ற பயம் நமக்கு மட்டும் இல்லை. 1980களில் அமெரிக்கப் பெற்றோரும் இதே கூச்சலைப் போட்டார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற பெயர்களையே எடுத்துவிட்டார்கள். பூதங்களோ வேறு பெயரில் வந்து சேர்ந்தன. எந்தப் பெயரில் வந்தாலும் மேசைக்கு வருவது சில எண்கள்தான்: எவ்வளவு அடி தாங்கும், எவ்வளவு தூரம் நகரும்.

சுவாரசியமான நம்பிக்கை ஆடுகிறவர்களிடமே இருக்கிறது. குட்டிச்சாத்தானுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏவியவனையே அடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாய்வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தவன் கதை தெரியாதவர் உண்டா? அதே நினைப்பில் புது ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் பதறிப்பதறி ஏதாவது கட்டளை கொடுப்பார். தேவையே இல்லை. 2014 விதிப்படி விலங்குகளை வரவழைக்கும் மந்திரத்தில், கட்டளை இல்லாவிட்டால் அவை தங்களைக் காத்துக்கொள்ளும், அவ்வளவே. 2020இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற விதிநூல் தந்த 'சம்மன்' மந்திரங்களில் வரும் ஆவியும் அடிபடாமல் விலகுவதிலேயே தன் முறையைக் கழிக்கும்.

ஆபத்து இருப்பது ஏவியவரின் கவனத்தில். அடி விழுந்தால் அவர் பகடை உருட்டி, 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும். தவறினால் பெரும்பாலான ஆவிகள் மறைந்துவிடும். 2014இன் 'கான்ஜர் எலிமென்டல்' மந்திரமோ விஷமம் பிடித்தது: கவனம் சிதறினால் பூதம் போகாது, எதிரியாகிவிடும், விரட்டவும் முடியாது. வரவழைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் ஒழியும்.

கூட்டம் சேர்ந்தால் பலம் என்பதும் பாதி உண்மைதான். அதே 2014 விலங்கு மந்திரத்தில் எளிய மிருகங்கள் எட்டுகூட வரும். ஆனால் எந்த மிருகம் என்று முடிவெடுப்பது ஆட்டத்தை நடத்துபவர். எட்டுக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். 2020 மந்திரங்களில் ஒரே ஆவி. ஏவியவரின் முறை முடிந்ததும் அதன் முறை. 2024 பதிப்பில் விலங்குகள் தனித்தனி உருவமாகவே இல்லை, நிழல்கூட்டம் போல நகர்கின்றன. என் ஓட்டு 2020க்கு.

நம் பாட்டி கதைக்கு நெருங்கி வருவது 2017இன் 'சம்மன் கிரேட்டர் டீமன்' மந்திரம். அந்தப் பூதம் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் பிடியை அறுத்துக்கொள்ளப் பகடை உருட்டும். அதன் உண்மைப் பெயரைச் சொன்னால் அதற்குச் சிரமம் கூடும். அறுத்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் யாராயிருந்தாலும் பாயும். மந்திரம் சொல்லும்போதே ரத்தத்தில் வட்டம் போட்டு அதற்குள் நிற்பவரை மட்டும் அதனால் தொட முடியாது. ரத்தம் என்றதும் பயப்பட வேண்டாம், அதுவும் தாளில் எழுதும் ஒரு வரிதான்.