வீட்டிலேயே சொங்கோக் தைக்கும் முறை



நோன்புப் பெருநாள் நெருங்கும்போது பேராக்கில் வாழும் நம்மவர் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "போன வருஷத்துச் சொங்கோக் பிள்ளைக்குச் சேருமா?" என்பதே அது. எடுத்து வைத்துப் பார்த்தால் சேராது. வளரும் பிள்ளையின் தலை தொப்பிக்காகக் காத்திருப்பதில்லை. உடனே கடைக்கு ஓடுகிறோம். கிடைத்த அளவில் ஒன்றை வாங்குகிறோம். பெரிதாயிருந்தால் உள்ளே காகிதம் மடித்துச் செருகுகிறோம். இறுக்கமாயிருந்தால் "போடப்போடத் தளர்ந்துவிடும்" என்று சமாதானம் சொல்லுகிறோம். துணி வியாபாரத்தில் பெயர் பெற்ற சமூகத்தார் நாம். கடையில் வெல்வெட் உண்டு. பல வீடுகளில் தையல் இயந்திரமும் உண்டு. தைக்கும் முறை மட்டுமே நம் கையைவிட்டு நழுவி வருகிறது. அதை இங்கே விவரமாகக் கூறுவோம்.

நமக்கு அந்நியமன்று

இக்கலை நமக்குப் புதிதன்று. பினாங்கு ஜார்ஜ் டவுனில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் சொங்கோக் தைத்துப் பிழைத்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். மலாய்ச் சகோதரர்களின் தலையை அலங்கரித்த தொப்பியில் நம்மவர் கைத்தையலும் இருந்தது. அந்நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆயினும் பட்டியல் கட்டடத்தைக் காக்குமேயன்றி, தைப்பவர் மகனுக்குத் தையலைக் கற்றுத் தராது. அதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் விரும்பி அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பியைச் சிலர் நினைவு கூரலாம். 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது தம் அதிகாரிகளுக்கு அதை விதித்தார். 1925இல் துருக்கிக் குடியரசு சட்டமியற்றி அதைத் தடுத்தது. அத்தொப்பி கம்பளியை இறுக்கி அச்சில் ஏற்றிச் செய்யப்படுவது; ஆகவே பட்டறை வேண்டும். சொங்கோக்கோ துணியை வெட்டித் தைப்பது. சாப்பாட்டு மேசையில் வைத்தே அதை முடித்துவிடலாம்.

அளவு ஏன் முக்கியம்?

தொப்பி தொழுகைக்கு நிபந்தனை அன்று. அது ஓர் ஒழுக்கம், நல்ல வழக்கம். ஆனால் தலையில் வைத்த தொப்பி தொழுகைக்கு இடையூறாகக் கூடாது. ஷாபியீ மத்ஹபில் சுஜூதின்போது நெற்றியின் ஒரு பகுதியேனும் மறைப்பின்றித் தரையில் பட வேண்டும். ஹனபீ மத்ஹபில் தொப்பியின் மடிப்பின்மேல் சுஜூது செய்தால் நிறைவேறும் என்றாலும், அது விரும்பத்தக்கதன்று. ஆகவே, குனியும்போது நழுவி நெற்றியை மூடும் தொப்பி வெறும் அழகுக் குறை மட்டுமன்று. ஈப்போ திடலருகே 1908இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசலானாலும், பழைய ரப்பர்த் தோட்டத்துச் சுராவானாலும், சிறுவர் வரிசையைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே ருகூவுக்குப் போகும் பிள்ளைகளைக் காண்பீர்கள். பிழை பிள்ளையினுடையதா, அளவு பாராமல் வாங்கிக் கொடுத்த நம்முடையதா?

நாம் செய்த பிழை

நாம் முதன்முதலில் தைத்தபோது, 22 அங்குலத் தலைக்குச் சரியாக 22 அங்குல அட்டையை வளைத்தோம். தைத்து முடித்து வைத்துப் பார்த்தால், தொப்பி உச்சந்தலையில் டப்பா மூடிபோல் நின்றது. அடுத்ததில் ஆத்திரப்பட்டு ஒன்றரை அங்குலம் கூட்டினோம். அது புருவம்வரை இறங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உள்துணியின் கனத்தை முதலில் மறந்தோம்; பிறகு கணக்கின்றி மிகைப்படுத்தினோம்.

கணக்கு எளியது. வளையத்துக்குள் எவ்வளவு கனம் ஏறுகிறதோ, அதைப்போல ஆறு மடங்குக்குச் சற்று மேலாக உள்சுற்றளவு குறையும். உள்துணியும் மடிப்பும் சேர்ந்து வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு இருந்தால், சுற்றில் ஏறக்குறைய ⅜ அங்குலம் போய்விடும். வியாபாரி இதை எளிதில் விளங்கிக்கொள்வார். சரக்கின் விலையை மட்டும் பார்த்து, வண்டிக்கூலியையும் சேதாரத்தையும் மறந்து விலை வைத்தவரின் இலாபம் எப்படிக் கரையுமோ, அப்படியே இதுவும்.

அளவெடுத்தல்

தொப்பி அமரும் இடத்தில், புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலாக, பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி நாடாவை இறுக்காமல் பிடியுங்கள். மூன்று முறை அளந்து நடுத்தர அளவைக் கொள்ளுங்கள். முடி வெட்டிய பிறகு அளப்பதே மேல். இங்கே 22 அங்குலத் தலைக்கும் 4 அங்குல உயரத்துக்கும் கணக்குக் காட்டுவோம். தலை அளவு மாறினால் நீள அளவுகள் யாவும் அதே அளவு கூடும் அல்லது குறையும். சிறுவருக்கு உயரம் 3 அங்குலம் போதும். அப்போது பட்டைகளின் உயரம் ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் குறையுங்கள்.

தேவையானவை: 36 அங்குல அகலமுள்ள கறுப்பு வெல்வெட் கால் கெஜம், உள்துணிக்குச் சாட்டின் அல்லது மெல்லிய பருத்தி கால் கெஜம், வீசம் அங்குலக் கனமுள்ள, வளைந்தால் முறியாத அட்டை, மெல்லிய பிளாஸ்டிக் தாள், மாவுப்பசை, ஊசி, கறுப்பு நூல், சாக்கட்டி. பழைய கைவினைஞர் செய்தித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அட்டை செய்துகொள்வர். அதற்கும் தடையில்லை. பூச்சி வராதிருக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு; தலையில் படும் பொருளில் அது வேண்டா.

அட்டைக்கூடு

அட்டையில் 23½ அங்குல நீளம், 4 அங்குல உயரத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வளைத்து ஒட்டினால் உள்சுற்று 22½ அங்குலம் வரும். ஏறும் இடத்தைச் சீவி மெலிதாக்கி, அதைப் பின்பக்கமாக வையுங்கள். வளையத்தைக் காகிதத்தின்மேல் நிறுத்தி, இரு பக்கமும் மெல்ல அழுத்தி முட்டை வடிவாக்கி, வெளியோரமாகப் பென்சிலால் வரையுங்கள். நீளம் 8 அங்குலமும் அகலம் 6½ அங்குலமும் இருக்க வேண்டும்.

சரிபார்க்கும் வழி இது: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7¼. அதை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22¾. உண்மைச் சுற்று இதைவிட மயிரிழை கூடுதல். இந்த நீள்வட்டச் சுற்றளவுக்கு மிக நெருங்கிய சூத்திரத்தை 1914இல் வெளியிட்டவர் நம் தமிழ்நாட்டுக் கணித மேதை இராமானுஜனே! தொப்பிக்கு நம் எளிய கணக்கே போதும்.

வரைந்த வடிவில் மேலட்டையை வெட்டி, வளையத்தின்மேல் வைத்து, காகிதக் கீற்றுகளால் சுற்றிலும் ஒட்டுங்கள். வியர்வை அட்டையை ஊறவைக்காதபடி உள்பக்கம் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். நம் ஈரக் காற்றில் பசை காய ஒரு முழு நாள் வேண்டும். அவசரப்பட்டால் பூசணம் பிடிக்கும்.

வெல்வெட் வெட்டுதல்

வெல்வெட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திக்கில் வழுவழுப்பாயும் எதிர்த்திக்கில் சொரசொரப்பாயும் இருக்கும். வழுவழுப்பான திக்கைத் துணியின் பின்புறம் சாக்கட்டியால் அம்புக்குறியிட்டுக்கொள்ளுங்கள். பட்டையில் அம்பு மேலிருந்து கீழாகவும், மேற்பகுதியில் முன்னிருந்து பின்னாகவும் இருக்கட்டும். திக்கு மாறினால் ஒரே துணி இரு நிறமாகத் தோன்றும்.

பட்டை 24 அங்குல நீளம், 5½ அங்குல உயரம். நீளத்தில் இரு முனையிலும் அரை அங்குலம் தையலுக்கு. உயரத்தில் மேலே அரை அங்குலம் தையலுக்கு, கீழே ஓர் அங்குலம் மடிப்புக்கு. மேற்பகுதிக்கு, வரைந்த வடிவைச் சுற்றி அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். 9 அங்குலமும் 7½ அங்குலமும் ஆகும். இரண்டும் கால் கெஜத் துணியில் அடங்கிவிடும்.

உள்துணிப் பட்டை 23½ அங்குலமும் 5 அங்குலமும். அதன் மேற்பகுதி வெல்வெட் மேற்பகுதியைவிடச் சுற்றிலும் வீசம் அங்குலம் சிறியது.

தைத்தல்

வெல்வெட் பட்டையின் இரு முனைகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இணைத்துத் தையுங்கள். வளையத்திலும் மேற்பகுதியிலும் முன், பின், வலம், இடம் என நான்கு குறிகள் இடுங்கள். மூட்டுத் தையல் பின்குறியில் வர வேண்டும். நான்கு குறிகளையும் பொருத்திக் குண்டூசியை ஓரத்தில் மட்டும் குத்துங்கள். நடுவில் குத்தினால் தழும்பு மறையாது. வெல்வெட் இயந்திரத்தின் அடியில் நழுவும் துணி. ஆகவே முதலில் கையால் இரண்டு வரிசை நூலோட்டம் போட்டு, அதன் பிறகே இயந்திரத்தில் தையுங்கள். ஓரத்தைக் கால் அங்குலமாகக் குறைத்து, தையலில் படாமல் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டித் திருப்புங்கள்.

இதை அட்டைக்கூட்டின்மேல் தலையணை உறை போடுவதுபோல் ஏற்றுங்கள். கீழே மிஞ்சும் ஓர் அங்குலத்தை உள்ளே மடித்துப் பசையால் ஒட்டுங்கள். உள்துணியையும் அவ்வாறே தைத்து, திருப்பாமல் உள்ளே இறக்கி, விளிம்பை மடித்து, தொப்பியின் ஓரத்துக்குச் சற்று மேலாகக் கையால் மறைதையல் போடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியை வெல்வெட்டின் முகத்தில் வைக்கவே கூடாது. தைப்பதற்கு முன்பே, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் துணியின் பின்புறத்தைக் காட்டினால் சுருக்கம் நீங்கும். இவ்வாறு தைத்த தொப்பி தட்டையாக மடியாது. பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு சொல்

துணிக்கடை நடத்தும் சகோதரர்களே! உங்கள் அலமாரியில் விலைபோகாமல் கிடக்கும் கால் கெஜ வெல்வெட் துண்டு ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் பெருநாள் சொங்கோக். அத்துண்டுகளை உள்துணியோடு சேர்த்துக் கட்டி விற்கலாம். பழைய தோட்டங்களை விட்டுத் தாமான்களில் குடியேறி, பிள்ளைகள் பலரோடு வாழும் குடும்பங்களுக்கு அன்பளிப்பாகவும் தரலாம். மதரஸா விடுமுறையில் பிள்ளையை அருகே உட்காரவைத்து அவன் தலையை அவனையே அளக்கச் சொல்லுங்கள். ஒரு தொழில் வீட்டுக்குள் நுழைவது அப்படித்தான்.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், அளவில் குறைப்போரைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குவதை நாம் அறிவோம். கடையில் துணி அளக்கும்போது நினைவில் நிற்கும் அப்பாடம், வீட்டில் பிள்ளையின் தலையை அளக்கும்போதும் நிற்கட்டும். வரும் பெருநாளில் நம் சிறுவர்கள் இரு கைகளையும் தக்பீருக்கு உயர்த்தி, தொப்பியைப் பற்றிய கவலையின்றிச் சுஜூது செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.